முயற்சி இரண்டு

பத்து மணி பத்து நிமிடத்துக்குச் சோதனை ஓட்டத்தைத் தொடங்கி வைத்துவிட்டுக் கோகிலவாணி நாற்காலியில் சாய்ந்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டு சோதனைகள், ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாகவே ஓடும், எல்லாம் முடிய ஐம்பத்தைந்து நிமிடம் ஆகும், மதியத்துக்குள் முழுக்கப் பச்சையாக வந்த அறிக்கையை மேலாளர் குழந்தைவேலு சாரிடம் கொடுத்துவிட்டால் நாளைக்கே புதிய மென்பொருள் பம்ப்புகளுக்குள் ஏறி ஆஸ்பத்திரிகளுக்குப் போய்விடும். கோயமுத்தூரில் பம்ப் கம்பெனி என்றால் எல்லோரும் கிணற்று மோட்டாரைத்தான் நினைக்கிறார்கள், அவளுடைய சின்ன மாமனார்கூட ஒரு கல்யாணப் பந்தியில் ரெண்டு ஹெச்பியா மூணு ஹெச்பியா என்று கேட்டிருக்கிறார், இது அது இல்லை, கட்டிலோரக் கம்பியில் மாட்டிவைக்கிற சின்னப் பெட்டி, சிரிஞ்சில் இருக்கும் மருந்தை மணிக்கு இவ்வளவு என்று அளந்து நரம்புக்குள் தள்ளுவது, சில மருந்துகள் மணிக்கு அரை டீஸ்பூன்கூடக் கிடையாது, அந்த அரை டீஸ்பூன் தவறினால் போச்சு. அவளுக்கு எதிரே இரும்பு அலமாரியில் எட்டுப் பம்ப்புகள் வரிசையாக நின்றன, எட்டிலும் தண்ணீர் நிரப்பிய சிரிஞ்சு, ஒவ்வொரு சிரிஞ்சிலிருந்தும் ஒரு மெல்லிய குழாய் இறங்கி ஒரு கண்ணாடிக் குவளைக்குள் போக, ஒவ்வொரு குவளையும் ஒரு தராசின்மேல் இருந்தது. மூச்சு பட்டாலே எண் மாறிவிடுகிற தராசு. வெளியே ஆடிக் காற்று காளப்பட்டி ரோட்டுப் புழுதியை வாரி ஜன்னலில் அறைந்துகொண்டிருந்தது, அதனால் ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன, ஏசிக் காற்று நேராக விழாமல் இருக்க அவளே ஒரு அட்டையை வெட்டி ஒட்டியிருந்தாள், அறைக்குள் ரிலேக்கள் டிக் டிக்கென்று மாறுகிற சத்தம் மட்டும். டிக் என்றால் கரண்டைப் பிடுங்கிவிட்டது, மறுபடி டிக் என்றால் கொடுத்துவிட்டது. இந்தச் சத்தம் அவளுக்குப் பிடிக்கும். வீட்டில் தோசைக்கல்லில் தண்ணீர் தெளிக்கிற சத்தம் மாதிரி, ஏதோ ஒன்று சரியாக நடந்துகொண்டிருக்கிறது என்று சொல்கிற சத்தம். ஆனால் இன்று அதைக் கேட்டுக்கொண்டே அவள் நினைத்துக்கொண்டிருந்தது காலையில் கையெழுத்துப் போட்டு அனுப்பிய மகளின் ஸ்கூல் டைரியை. ஸ்டெல்லா மிஸ்ஸின் சாய்ந்த கையெழுத்து. ஆதிரை வகுப்பில் கவனமாக இல்லை, கூப்பிட்டால் சில சமயம் பதில் சொல்வதில்லை. அதன் கீழே பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தில் அவள் அவசரமாக ஒரு கோடு இழுத்திருந்தாள். ஜூனில் ஒன்று, போன வாரம் ஒன்று, இது மூன்றாவது கோடு.

ஃபரிதாதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள். சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது, பழைய அறிக்கைகளைப் படித்துப் பழகு என்று கோகிலவாணியே சொல்லியிருந்தாள், அந்தப் பெண் உண்மையிலேயே வரிவரியாகப் படித்துக்கொண்டிருந்தாள், வேறு யாரும் அப்படிப் படித்ததில்லை, எல்லோரும் மேலே பச்சையா சிவப்பா என்று பார்ப்பதோடு சரி. "கோகிலாக்கா, இங்க இருநூத்திப் பதினாலுக்குப் பக்கத்துல முயற்சி இரண்டுன்னு போட்டிருக்குங்களே, அது என்னங்க்கா?" என்றாள். கோகிலவாணி திரும்பிக்கூடப் பார்க்காமல், சில சோதனைகள் முதல் தடவை சரியாக வராது, தராசு ஆடியிருக்கும், வயர் தளர்ந்திருக்கும், அதனால் தோற்றால் தானாகவே இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்கும், மூன்று தடவை வரை ஓட்டும், எதிலாவது தேறிவிட்டால் பச்சை என்றாள். ஃபரிதா சரிங்க்கா என்று தலையாட்டிவிட்டு மறுபடி படிக்கத் தொடங்கினாள். அவ்வளவுதான், பேச்சு முடிந்துவிட்டது. ஆனால் தான் சொன்ன பதில் கோகிலவாணியின் காதிலேயே நின்றுவிட்டது, வெளியே போகவில்லை. எதிலாவது தேறிவிட்டால். அந்த வரியை எழுதியது அவள்தான். நாலு வருசத்துக்கு முன்னால், ஆதிரைக்கு மூன்று வயது, அன்று காய்ச்சல், அத்தைதான் பார்த்துக்கொண்டிருந்தார், மூன்று மணிக்குப் போனில் நூத்தி ரெண்டுங்குது கண்ணு என்றார். அன்றைக்கென்று ஓட்டம் நாலு முறை தோற்றது, ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில், தராசில் ஈ உட்கார்ந்ததுகூட ஒரு காரணம், தோற்றால் மறுபடி முதலிலிருந்து ஒரு மணி நேரம். அவள் மூன்று வரி எழுதினாள். தோற்றால் மறுபடி முயல், மூன்று முறை வரை. மேலே ஒரு குறிப்பும் எழுதினாள், தற்காலிகம், பிறகு எடுத்துவிட வேண்டும் என்று. ஓட்டம் பச்சையானது, அவள் வீட்டுக்குப் போய்விட்டாள், ஈரத்துணியை நெற்றியில் போட்டுக்கொண்டு குழந்தை அவள் மடியிலேயே தூங்கியது, மறுநாள் காய்ச்சல் விட்டது. அந்த மூன்று வரியை எடுக்க மறந்துவிட்டாள். மறந்தாளா, இல்லை, மறக்கவில்லை, இரண்டு மூன்று தடவை கண்ணில் பட்டது, பட்டபோதெல்லாம் எல்லாம் நன்றாகத்தானே ஓடுகிறது என்று தாண்டிப் போனாள். ஓட்டம் தோற்பதே நின்றுபோனதில் எல்லோருக்கும் சந்தோசம். குழந்தைவேலு சார் அந்த வருசம் ஒரு கூட்டத்தில், நம்ம சோதனை இப்ப ரொம்ப உறுதியாயிருச்சு, அது கோகிலவாணியால என்று சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள்.

டிக். அறுபத்து மூன்றாவது சோதனை. காலையில் ஆதிரை தோசையைப் பிய்த்துச் சட்னியில் தோய்த்துக் கையை வாய்க்குக் கொண்டுபோகிற வழியில் நிறுத்தினாள். அது நேற்றும் நடந்தது, நேற்று முன்தினமா, இல்லை, ஞாயிற்றுக்கிழமையும் நடந்தது, குளிக்கும்போது சொம்பைத் தூக்கியபடியே நின்றாள், தண்ணீர் சொம்பிலிருந்து வழிந்து காலில் விழுந்துகொண்டிருந்தது, கோகிலவாணி ஆதிரை என்றாள், பதில் இல்லை, ஆதிரை என்று இன்னும் கொஞ்சம் அழுத்தி, அப்போது ம் என்றாள், என்னம்மா என்றாள், தண்ணீரை ஊற்றிக்கொண்டாள். அவ்வளவுதானே. இரண்டாவது தடவை கூப்பிட்டால் பதில் வந்துவிடும். அவள் கணவன் லோகநாதன் சிரிப்பான், கனவு கண்டுட்டிருக்கறா, உன்ற பொண்ணு உன்னைய மாதிரி, நீயுந்தான் அடுப்புல பாலை வெச்சுட்டு அந்தக் கம்பெனிய நெனச்சுட்டு நிப்பே. அது உண்மைதான். அவள் நிற்பாள். ஆனால் கோகிலவாணிக்கு அது கனவு காண்கிற முகமாகத் தெரியவில்லை, கனவு காண்கிற முகத்தில் ஏதாவது ஓடும், உதடு கொஞ்சம் அசையும், ஆதிரையின் முகத்தில் அந்தச் சில வினாடிகளுக்கு ஒன்றுமே ஓடாது. யாரோ விளக்கை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்தே வைத்துவிட்டுப் போன அறை மாதிரி. அப்புறம் விளக்கு எரியும். எரிந்ததும் குழந்தை எந்தச் சொல்லில் நின்றாளோ அதற்கு அடுத்த சொல்லிலிருந்து தொடங்குவாள். காலையில், அம்மா இன்னைக்கு எங்க மிஸ் கலர் என்று நின்றாள், தோசை விரலில் தொங்கிக்கொண்டிருந்தது, குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, பஸ் வந்துடும் சாமி சாப்புடு என்று கோகிலவாணி சொன்னாள், அதற்குப் பதிலில்லை, பெட்டியில் தண்ணீர் பாட்டிலை வைத்தாள், திரும்பினாள், பேப்பர் கொண்டு வரச் சொன்னாங்க என்றாள் ஆதிரை, நடுவே ஒன்றுமே நடக்காத மாதிரி. அவளுக்கு ஒன்றும் நடக்கவில்லை. நடந்தது பார்த்தவளுக்குத்தான். பார்த்தவள் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று டைரியில் கோடு இழுத்தாள்.

கணினித் திரையின் ஓரத்தில் பழைய அறிக்கைகள் இருக்கும் ஃபோல்டரைத் திறந்தாள். தேட வேண்டும் என்று நினைக்கவில்லை, கை தானாகத் திறந்தது. ஒரு வருசத்து ஓட்டங்கள், இருநூற்று எழுபது ஓட்டங்கள், எல்லாம் பச்சை, இருநூற்றுப் பதினாலாவது சோதனையை மட்டும் எடு, அதில் முயற்சி ஒன்றுக்கு மேல் போனவற்றைக் காட்டு என்று தட்டினாள். திரையில் வரிகள் விழுந்தன. ஒன்று, இரண்டு என்று அவள் எண்ணினாள், ஒன்பது. இன்னொரு தடவை எண்ணினாள், மறுபடி எண்ணினால் குறையும் என்கிற மாதிரி. ஒன்பதுதான். மற்ற சோதனைகளிலும் முயற்சி இரண்டு உண்டு, ஆனால் அவை சிதறிக் கிடந்தன, ஈ உட்கார்ந்தவை, வயர் தளர்ந்தவை, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. இது மட்டும் ஒரே இடத்தில் ஒன்பது. இருநூற்றுப் பதினாலு என்ன செய்கிறது என்றால், பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்டைப் பிடுங்கும், பம்ப் பேட்டரிக்கு மாற வேண்டும், மருந்து நிற்கக் கூடாது, தராசு அதைப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த ஒன்பது தடவையும் தராசு எழுதிவைத்திருந்தது ஒரே கதை. மூன்று வினாடி எண் அசையவில்லை, அப்புறம் ஒரு சின்னத் துள்ளல், அப்புறம் ஒழுங்காக. கருவி நின்றிருக்கிறது. உள்ளே ஒரு காவல்நாய் உண்டு, எல்லாக் கருவியிலும் உண்டு, மென்பொருள் இரண்டு வினாடிக்கு ஒருமுறை அதைத் தட்டிக்கொடுக்க வேண்டும், தட்டிக்கொடுக்கவில்லை என்றால் மென்பொருளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அது கடித்து எழுப்பிவிடும், கருவி மறுபடி முதலிலிருந்து விழித்துக்கொள்ளும். விழித்துக்கொண்டு, நின்ற நேரத்துக்கான மருந்தையும் சேர்த்து ஒரே தள்ளாகத் தள்ளியிருக்கிறது. அந்தத் துள்ளல் அதுதான். பெரும்பாலான மருந்துக்கு அது ஒன்றுமில்லை. சில மருந்துக்கு, வேகமாக வேலை செய்கிற மருந்துக்கு, அவள் அதற்கு மேல் நினைக்கவில்லை, நினைக்காமல் எழுந்து ஃப்ளாஸ்கிலிருந்து தண்ணீர் குடித்தாள், தண்ணீர் தொண்டையில் இறங்கும்போது நினைத்தாள்.

போன மார்கழியில் ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரிக்கு நாலு பம்ப் கொண்டுபோய் மாட்டிவிட்டு நர்ஸ்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஜெபராஜும் அவளும் போயிருந்தார்கள். ஜெபராஜ்தான் பம்ப்பின் மென்பொருளை எழுதியவன், நாகர்கோவில்காரன், பத்து வருசமாக ஒன்றாக வேலை. முதல் கட்டிலில் ஒரு பையன், காலேஜ் படிக்கிற வயசு, ஏதோ விஷக்காய்ச்சல், பக்கத்தில் ஸ்டூலில் அவனுடைய அம்மா. அந்த அம்மா பையனின் முகத்தைப் பார்க்கவில்லை, பம்ப்பின் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஏழு புள்ளி ஒன்று, ஏழு புள்ளி ஒன்று என்று எண் எரிந்துகொண்டிருப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார், படிக்கத் தெரிந்தவர் மாதிரியும் இல்லை. கோகிலவாணி திரும்பும்போது சேலைத் தலைப்பைத் தொட்டு, இது நிக்காதுல்ல கண்ணு என்று கேட்டார். நிக்காதுங்கம்மா என்று அவள் சொன்னாள். யோசிக்காமல் சொன்னாள். ஒன்பதில் ஆறு அதற்கு முன்னாலேயே நடந்துவிட்டவை. அந்தப் பையன் பிழைத்து வீட்டுக்குப் போனான், அது தெரியும், விசாரித்தாள், அவன் பம்ப் நின்றதாகவும் யாரும் சொல்லவில்லை, எங்கிருந்தும் ஒரு புகாரும் வரவில்லை. வராது. மூன்று வினாடி நின்றதை ஆஸ்பத்திரியில் யார் பார்ப்பார்கள், தராசு வைத்துப் பார்க்கிற இடம் உலகத்திலேயே இது ஒன்றுதான், இங்கேயும் பார்த்த தராசின் வாயைப் பொத்தியாகிவிட்டது. அவளுக்கு ஜெபராஜை நினைத்துப் பாவமாக இருந்தது, கோபமாக இல்லை. முன்னாலெல்லாம் அவனுடைய லேப்டாப்பில் மட்டும்தான் மென்பொருள் ஒழுங்காக பில்ட் ஆகும், அதாவது எழுதிய நிரல் பம்ப்பில் ஏற்றுகிற ஃபைலாக மாறும், வேறு யாருடையதில் செய்தாலும் வேறு மாதிரி வரும், அப்படி மாற்றுகிற கம்பைலர் ஒரு பதிப்பு முன்னே பின்னே இருக்கும், ஏதோ ஒரு ஃபைல் அவனிடம் மட்டும் இருக்கும். ஒருநாள் அந்த லேப்டாப்பில் மோர் கொட்டிவிட்டது, ஒன்பது நாள் கம்பெனியில் யாராலும் ஒரு பம்ப்புக்கும் மென்பொருள் ஏற்ற முடியவில்லை, அந்த ஒன்பது நாளும் ஜெபராஜ் தலையைத் தூக்காமல் உட்கார்ந்திருந்தான், தன்னால்தான் என்று. அதற்கப்புறம்தான் அவளும் அவனும் சேர்ந்து எல்லோருக்கும் பொதுவாக ஒரு பில்ட் சர்வர் வைத்தார்கள், யார் எப்போது பில்ட் செய்தாலும் கடைசி பைட் வரை ஒரே ஃபைல் வர வேண்டும், அதற்கே ஆறு மாதம் ஆனது, ஒரு நாள் முழுக்கத் தேடி, ஃபைலுக்குள் அன்றைய தேதி ஒளிந்துகொண்டிருந்ததால்தான் தினமும் மாறுகிறது என்று கண்டுபிடித்தபோது அவன் குழந்தை மாதிரிச் சிரித்தான். அப்படி ஒவ்வொரு ஓட்டையாக அடைத்தவர்கள். அவ்வளவையும் அடைத்துவிட்டு அவள் ஒரு ஓட்டையை வைத்துவிட்டுப் போனாள், அதற்கு மேல் பச்சையாக ஒரு துணியைப் போர்த்தி.

டிக். இருநூறு. இன்றைக்கு அது தோற்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். இப்படி ஆசைப்படுவது இதுதான் முதல் தடவை, பத்து வருசமாகத் தேறு தேறு என்று திரையைப் பார்த்து உட்கார்ந்தவள், இன்று தோற்றுப்போ, என் கண் முன்னாலேயே தோற்றுப்போ என்று கெஞ்சினாள். தோற்றால் எளிது. சிவப்பைக் காட்டினால் போதும், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அதே மாதிரி ஆதிரையும் ஒருநாள் கீழே விழுந்திருந்தாலோ வலிக்குது என்று அழுதிருந்தாலோ அவள் அப்போதே தூக்கிக்கொண்டு ஓடியிருப்பாள், ஆனால் குழந்தைக்கு எங்கும் வலிக்கவில்லை, கூப்பிட்டால் பதில் வருகிறது, இரண்டாவது தடவை வந்துவிடுகிறது, வந்ததும் அவள் நெஞ்சு லேசாகி அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறாள். முதல் தடவை எங்கே போனது என்று அவள் கேட்டதே இல்லை. அது நடந்தது. பதில் வராத அந்தச் சில வினாடிகள் நடந்தவை, அப்புறம் வந்த பதில் அவற்றை அழிக்காது. இருநூற்றுப் பன்னிரண்டு, இருநூற்றுப் பதிமூன்று. ஃபரிதாவும் எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள். டிக், கரண்ட் போனது, எட்டுப் பம்ப்புகளின் விளக்கும் ஒரு கணம் மங்கி மறுபடி எரிந்தன, தராசுகளில் எண்கள் ஏறின, ஒன்றுகூட நிற்கவில்லை, ஒழுங்காக, துளித்துளியாக, யாரோ நிதானமாக நடந்து போகிற மாதிரி ஏறின. இருநூற்றுப் பதினாலு, தேறியது, முயற்சி ஒன்று. அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பதினொன்று ஐந்துக்கு முந்நூற்றுப் பன்னிரண்டும் முடிந்தன. எல்லாம் பச்சை, எல்லாம் முயற்சி ஒன்று, அப்படி ஒரு சுத்தமான அறிக்கை இந்த வருசத்தில் வந்ததே இல்லை. அவள் நினைத்தால் அச்சடித்து எடுத்துக்கொண்டு போகலாம், அதில் ஒரு பொய்கூட இருக்காது. அவளுக்கு அழுகை வந்தது, ஃபரிதா பார்க்காமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள்.

அவள் முதலில் ஜெபராஜிடம் போனாள். தன்னைத் தாண்டிக் குழந்தைவேலு சாரிடம் போய்விட்டாள் என்று அவன் நினைக்கக் கூடாது. அவன் மேசையோரம் நின்று ஒன்பது வரிகளையும் காட்டினாள், தான் எழுதிய அந்த மூன்று வரியையும் காட்டினாள், குற்றம் சொல்கிற குரல் வந்துவிடக் கூடாது என்று முதலில் தன்னுடையதைத்தான் காட்டினாள். அவன் திரையில் வரிவரியாக விரல் வைத்துப் பார்த்தான். காது மடல் சிவந்தது. அப்புறம் அவளைப் பார்க்காமல் மெதுவாகச் சொன்னான்.

"நான் ஒரு தடவ பாத்துருக்கேன் கோகிலா. என் டேபிள்ல, போன வருசம். நின்னுச்சு, திருப்பி எந்திரிச்சுட்டு. அதுக்கப்புறம் ரெண்டு நாள் ஓட்டிப் பாத்தேன், வரவே இல்ல. சரி, வயரா இருக்கும்னு விட்டுட்டேன்."

அவள் அவனுடைய தோளைத் தொடப் போய், தொடாமல், நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். நானும் வயர்னுதான் நெனச்சேன் என்றாள். இரண்டு பேரும் சேர்ந்தே குழந்தைவேலு சாரின் அறைக்குப் போனார்கள். பச்சையாக வந்துவிட்டது என்று ஃபரிதா ஏற்கெனவே யாரிடமோ சொல்ல, அது அவர் காதுக்குப் போயிருந்தது, அவர் சந்தோசமாக உட்காருங்க என்றார். மூன்று ஆஸ்பத்திரிக்கு நாளைக்கு வருகிறோம் என்று சொல்லி வைத்திருந்தார், அவர்கள் இரண்டு முறை தேதி மாற்றியவர்கள். "அறிக்கை வந்திருச்சுங்க சார், ஆனா அதைக் கொடுக்க முடியாதுங்க" என்று கோகிலவாணி தொடங்கியதும் அவர் முகம் மாறியது. அவள் முழுவதையும் சொன்னாள், எதையும் குறைக்கவில்லை, ஆஸ்பத்திரிகளில் ஏற்கெனவே மாட்டியிருக்கும் பம்ப்புகளிலும் இது இருக்கும் என்பதையும் சொன்னாள். அவர் கேள்வி கேட்டார், இன்றைக்கு வந்ததா என்று, இல்லை என்றாள், பின்னே என்று அவர் கையை விரித்தார், ஜெபராஜ் ஏதோ சொல்ல வாயெடுத்தான், கோகிலவாணி முந்திக்கொண்டாள்.

"இன்னைக்கு வரலீங்க சார். ஒன்பது தடவ வந்திருக்குது. வந்தப்பெல்லாம் நாமதான் இன்னொரு தடவ கூப்பிட்டுப் பாத்து, பதில் வந்துச்சுன்னு விட்டுட்டோம்."

கூப்பிட்டு என்ற சொல் தன் வாயில் எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை, யாரும் பம்ப்பைக் கூப்பிடுவதில்லை. அவருக்கு அது விளங்கியதா இல்லையா, அவர் மேசைமேல் இருந்த பேனாவின் மூடியைத் திறந்து மூடினார், திறந்து மூடினார், வெளியே காற்று எதையோ உருட்டிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. திட்டுவார் என்று இருந்தாள். அவர் திட்டவில்லை. ஆஸ்பத்திரிகளுக்கு நான் போன் பண்ணிச் சொல்லிக்கறேன், வேகமான மருந்துக்கு இப்போதைக்குப் பம்ப் இல்லாம, பழைய முறையிலயே சொட்டு எண்ணிக் கொடுக்கச் சொல்றேன், நீங்க ரெண்டு பேரும் அதை நிக்க வெச்சு எனக்குக் காட்டுங்க என்றார், குரல் களைத்திருந்தது. அவள் திரும்பி வந்து அந்த மூன்று வரியை அழித்தாள். நாலு வருசமாக இருந்தது, அழிக்க ஒரு விசையழுத்தம். இருநூற்றுப் பதினாலை மட்டும் எட்டுப் பம்ப்பிலும் நாற்பது வினாடிக்கு ஒருமுறை விடாமல் ஓடும்படி வைத்தாள், தோற்றால் அங்கேயே நின்று அந்த நிமிடம் உள்ளே என்ன நடந்துகொண்டிருந்தது என்று முழுக்க எழுதிவைக்கும்படி. ஜெபராஜ் அவளுடைய நாற்காலியை இழுத்துப் போட்டுத் தராசுகளுக்கு முன்னால் உட்கார்ந்தான். அப்போது அவள் ஆதிரைக்காக அரைநாள் லீவு போடுகிறேன் என்று அவனிடம் சொன்னாள், போங்க போங்க, நான் எந்திரிக்க மாட்டேன் என்றான்.

படிக்கட்டில் நின்று லோகநாதனுக்குப் போன் செய்தாள். அவன் மோட்டார் கம்பெனியில் தரம் பார்க்கிறவன், பின்னால் லேத்துகளின் இரைச்சல், அவள் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. பொண்ணு கனவு காங்கலீங்க, எனக்கு அது வேற மாதிரி தோணுது, இன்னைக்கே டாக்டர்கிட்டக் காட்டோணும் என்றாள். அந்தப் பக்கம் அவன் எங்கோ கதவைச் சாத்தினான், இரைச்சல் அடங்கியது, நீ ஸ்கூலுக்குப் போ, நானும் வர்றேன் என்றான். ஏன், எதற்கு, நேத்துச் சொல்லலியே என்று ஒன்றும் கேட்கவில்லை. அவள் ஸ்கூட்டரை எடுத்தாள். எதிர்க்காற்று, துப்பட்டாவை இறுக்கிக் கட்டியும் படபடத்தது, ஹெல்மெட்டுக்குள் காற்று ஊளையிட்டது, சரவணம்பட்டி சிக்னலில் கால் ஊன்றி நின்றாள். பிறகு வரப்போவது எதுவும் அப்போது அவளுக்குத் தெரியாது. மறுநாள் வியாழக்கிழமை காலை எட்டாவது பம்ப் கடைசியில் நின்றது, ஆயிரத்துச் சொச்சத் தடவைக்கு அப்புறம், ஜெபராஜ் அவளுக்குப் போன் செய்து நின்னுட்டு கோகிலா நின்னுட்டு என்றான், மகன் பிறந்த சேதி சொல்கிற மாதிரி. கருவி தனக்குள் ஒரு நாட்குறிப்பு எழுதிக்கொண்டே வரும், பக்கம் நிறைந்தால் பழைய பக்கம் ஒன்றை அழித்துவிட்டு எழுதும், அழிக்க மூன்று வினாடி ஆகும், அழிக்கும்போது வேறெதையும் கவனிக்காது, கரண்ட் போன சேதி பக்கத்தின் கடைசி வரியாக வந்து விழுந்தால் மட்டும் இது நடக்கும், அவ்வளவு அபூர்வமாக. கொஞ்சம் கொஞ்சமாக அழிக்கும்படி மாற்ற ஜெபராஜுக்கு ஒருநாள் போதுமாக இருந்தது. அதற்கு அடுத்த வாரம் டாக்டர் ஆதிரையின் தலை முழுக்க வயர் ஒட்டி, கையில் ஒரு காகிதக் காற்றாடியைக் கொடுத்து விடாமல் ஊது பாக்கலாம் என்றார், அப்படி மூச்சு விட்டால் அந்த நிறுத்தம் வந்துவிடுமாம், மூன்று நிமிடம், குழந்தை கன்னம் உப்ப ஊதினாள், இரண்டாவது நிமிடத்தில் காற்றாடி நின்றது, திரையில் கோடுகள் கூட்டமாக எழுந்து விழுந்தன, லோகநாதன் கோகிலவாணியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். இது ஒரு வகை வலிப்பு, விழ வைக்காது, சில வினாடி மட்டும் நிறுத்தும், மருந்து இருக்கிறது, பெரும்பாலான குழந்தைகளுக்கு வளர வளர விட்டுவிடும் என்றார் டாக்டர். ஆனால் சிக்னலில் நின்ற அன்று இதில் ஒன்றுகூட அவளிடம் இல்லை. அவளிடம் இருந்தது டைரியில் இழுத்த மூன்று கோடுகள்தான். பச்சை விழுந்ததுகூடத் தெரியாமல் நின்று, பின்னால் வந்த ஆட்டோக்காரர் ஹாரன் அடித்த பிறகு நகர்ந்தாள்.

ஸ்கூல் கேட்டுக்கு அருகில் வேப்ப மரத்தடியில் காத்திருந்தாள், காற்றில் பழுத்த இலைகள் அவள் மேல் விழுந்தன. சாப்பாட்டு மணி அடித்து, ஆயா ஆதிரையைக் கூட்டிக்கொண்டு வந்து விட்டார், பையும் தண்ணீர் பாட்டிலுமாக, இந்த நேரத்தில் அம்மாவைப் பார்த்த ஆச்சரியத்தில் குழந்தை ஓடியே வந்தாள். ஏம்மா வந்தே என்று கேட்டாள், பதிலுக்குக் காத்திருக்கவில்லை, சொல்ல அவளிடம் நிறைய இருந்தது. அம்மா, ரக்‌ஷிதாக்குப் பல்லு விழுந்துருச்சு, கணக்கு பீரியட்ல, மிஸ் அத ஒரு பேப்பர்ல மடிச்சு அவ என்றாள், நின்றாள். கை அம்மாவின் துப்பட்டா முனையைப் பிடித்தபடி நின்றது. கண் திறந்தே இருந்தது, இமைகள் மட்டும் லேசாகத் துடித்தன, காற்று அவள் முன்னெற்றி முடியைக் கலைத்தது, அவள் ஒதுக்கவில்லை. ஆதிரை என்ற சொல் கோகிலவாணியின் நாக்கு நுனிவரை வந்தது. அவள் அதை விழுங்கினாள். மண்ணில் மண்டியிட்டுக் குழந்தையின் முகத்துக்கு நேராகத் தன் முகத்தை வைத்துக்கொண்டு, ஒரு கையை அவள் கன்னத்தில் வைத்து, மறு கை மணிக்கட்டில் கடிகார முள்ளைப் பார்த்தாள். மூன்று, நாலு, ஐந்து. பயந்தாள், அந்த அளவுக்கு இதுவரை பயந்ததில்லை, ஆனாலும் கண்ணை எடுக்கவில்லை, ஒவ்வொரு வினாடியையும் பார்த்தாள், எட்டு, ஒன்பது, கன்னம் வெதுவெதுப்பாக இருந்தது, பத்து. லோகநாதன் பைக்கை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றாமலே பின்னால் வந்து நின்றது அவளுக்குத் தெரிந்தது.

"பாக்கெட்டுல வெச்சு விட்டாங்க" என்றாள் ஆதிரை. அப்புறம்தான் அம்மா மண்ணில் மண்டியிட்டிருப்பதைப் பார்த்தாள். "ஏம்மா கீழ உக்காந்திருக்கே?"

"நீ பேசிட்டே கொஞ்ச நேரம் நின்னுட்டே சாமி. பதினோரு செகண்டு."

குழந்தை யோசித்தாள். "அப்ப நான் எங்க போனேன்?"

"எங்கியும் போகல. இங்கதான் இருந்தே. நானும் இங்கியேதான் இருந்தேன்."

ஆதிரை சரி என்று தலையாட்டினாள், அப்பாவையும் பார்த்துவிட்டு, அவருக்கும் கேட்க வேண்டும் என்று குரலை உயர்த்தி, ரக்‌ஷிதாவின் பல் மேல் வரிசையில் எந்த இடம் என்று தன் வாயைத் திறந்து விரலால் காட்டத் தொடங்கினாள்.